பாதியாகக் குறைந்த புகை

கைதட்டல் கேட்டபோது நான் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால், கூட்ட அறையில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். திரையில் இரண்டு தூண்கள். போன ஆண்டின் தூண் உயரம். இந்த ஆண்டின் தூண் அதில் பாதி. பிறருடைய ஓய்வூதியச் சேமிப்பைப் பங்குகளில் போடும் நிறுவனம் எங்களுடையது. அந்தப் பங்குகளுக்குப் பின்னால் எவ்வளவு கரிப்புகை இருக்கிறது என்று கணக்கிடுவது என் வேலை. புகை பாதியாகக் குறைந்துவிட்டது என்றது திரை. மேலாளர் என்னை முன்னால் வரச் சொன்னார். கூச்சத்தில் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

எந்தப் பாதி என்று புரிந்துவிட்டது. ஊருக்கு வெளியே இருக்கும் நிலக்கரி மின்நிலையம். எங்களிடம் இருந்த அதன் பங்குகளை எல்லாம் விற்றுவிட்டார்கள்.

பங்கு கையில் இருந்தால்தான் பங்குதாரர் கூட்டத்தில் நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் மேலாளரும் நானும் இவ்வளவு காலம் அவர்களை நச்சரித்தோம். மிகப் பழைய கொதிகலனை வரும் கோடைக்கு முன் நிறுத்துவதாகவும், அங்கே வேலை செய்பவர்களைப் புதிய பிரிவுக்கு மாற்றுவதாகவும் சொல்ல வைத்திருந்தோம். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு வைத்து உறுதி செய்திருக்கலாம். அதற்காகத்தான் அந்த அறிக்கையை எழுதினேன். நம் மொத்தப் புகையில் பாதி இந்த ஓரிடத்திலிருந்து வருகிறது, எனவே இங்கே அழுத்த வேண்டும் என்று. மேலே இருப்பவர்கள் ‘எனவே’க்கு முன்பே படிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு, யார் வாங்கினார்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். சொன்னார். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு தனியார் குழுமம்.

“கொதிகலன நிறுத்தலன்னா புகை அப்படியேதானே சார் வரும்?”

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வரும்மா. நம்ம பேர்ல வராது.”

காகிதத் தட்டில் ஒரு துண்டு கேக்கை வைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானுக்கு வேலை அந்தக் கொதிகலனில்தான். போன கோடையில் அதன் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். வெளியே வெயில், உள்ளே அனல், இரண்டுக்கும் நடுவில் சிறுநீரகங்கள் வாடிவிட்டன. இன்னொரு கோடை அங்கே நின்றால் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேலையை விட்டால் மருத்துவச் செலவை ஏற்கும் கம்பெனியும் போய்விடும். புதிய பிரிவுக்கு மாற்றம் வரும் என்றுதான் வீடே காத்திருந்தது.

“வாங்க முதலாளி,” என்றார் அத்தான். என் ஆபீஸ் அவர் கம்பெனியில் பங்கு வைத்திருந்ததால் அப்படித்தான் கூப்பிடுவார். “அந்த ஆடுற நாற்காலிய இவங்களுக்குப் போடு. அப்பவாவது நம்ம சம்பளத்த ஏத்துறாங்களான்னு பாப்போம்.”

பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா சிரித்தாள்.

அன்று புது ஆட்கள் வந்து சுற்றிப் பார்த்ததாக அத்தான் சொன்னார். பழைய கொதிகலன் நிற்காதாம். வரும் கோடை முழுக்க அதை முழு வேகத்தில் ஓட்டப் போகிறார்களாம். வெயில் ஏற ஏற வீட்டுக்கு வீடு ஏசி ஓடும், கரண்ட் அவ்வளவு வேண்டும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“சும்மா உதார் விடுறானுங்க. உங்க ஆளுங்க விடமாட்டாங்கல்ல?”

“நாங்க வித்துட்டோம் அத்தான். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

அத்தான் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“நல்ல விலைக்குப் போச்சா?”

கேலியாகக் கேட்கவில்லை. என்னிடம் கேட்பதற்கு அவரிடம் வேறு கேள்வி இல்லை. நான் தலையாட்டினேன்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை. வாளியில் கடைசியாக இருந்த அத்தானின் வேலைச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, சற்று முன் முதலில் போட்ட துண்டைத் தொட்டுப் பார்த்தாள். சூரியன் இறங்கியிருந்தது. கோடை இன்னும் தொடங்கவில்லை; அதற்குள் துண்டு காய்ந்து அட்டை போல விறைத்திருந்தது. அதை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.