நான்காவது கிண்ணம்

மேக்கன் நகரில் பியூலா சாப்பாட்டுக் கடையில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு, ஆல்டன் ப்ரூவிட் என்ற காப்பீட்டு முகவர் நான்காவது கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டு முடித்த கணத்தில் இல்லாமல் போனார். எழுந்து போகவில்லை, இல்லாமல் போனார். நாற்காலியில் அவருடைய கோட்டும், மேசைமேல் கார்ச் சாவியும், பாதி குடித்த, ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரும் இருந்தன. அன்று ஒரு தட்டின் விலை ஒன்பதரை டாலர், தேநீர் தனி. கடையில் இருந்த நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள். ஆனால் அடுத்தவர் மேசையை வெறித்துப் பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை என்பதால், பார்த்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாக அங்கே பரிமாறும் வில்லீன் டாக்கெட் மட்டும் கோட்டை மடித்துவைத்து, மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே அவள் மறுபடி மறுபடி துடைத்ததைச் சமையலறைச் சன்னலிலிருந்து கடைக்காரி பியூலா பார்த்தாள்.

பியூலாவிடம் ஒரு தட்டு என்றால் ஒரு இறைச்சி, மூன்று சின்ன வெள்ளைக் கிண்ணத்தில் மூன்று கறிகாய், ஒரு துண்டு சோள ரொட்டி. பாலாடைக்கட்டி போட்ட மாக்கரோனியும் கறிகாய்க் கணக்கில்தான் வரும். அது எப்படி என்று எங்கள் ஊரில் பிறந்த யாரும் கேட்டதில்லை. மூன்று என்றால் மூன்றுதான். மேயரே வந்து நின்றாலும் நான்காவது கிடையாது. ஆகவே அந்த நான்காவது வெள்ளைக் கிண்ணத்தைப் பியூலா கொடுத்திருப்பாள் என்று அவளை அறிந்த எவரும் நம்பவில்லை. "நாலு குடுக்குற மூஞ்சியா இது? நல்லாப் பாருங்க," என்று விசாரிக்க வந்த காவலரிடம் கேட்டாள். அவர் பார்த்தார், நியாயம்தான் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நேரம் மதியமாகிவிட்டதால் உட்கார்ந்து சாப்பிடவும் செய்தார். அவருடைய தொப்பி இன்றும் அந்தக் கடையின் ஆணியில் தொங்குகிறது.

அந்த ஒரு வருடத்தில் பதினொரு பேர் போனார்கள். போனதற்குக் காரணம் ஒட்டுக் காகிதம். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் பாத்திரம் பாத்திரமாகச் சமைத்துக் கொண்டுவருவார்கள். எது யாருடைய பாத்திரம் என்று குழம்பாமல் இருக்க, அடியில் ஒட்டுக் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். நான்காவது கிண்ணத்தின் அடியிலும் அப்படி ஒரு துண்டு இருந்தது. அதில் சாப்பிட உட்கார்ந்தவருடைய பெயரே, யாருக்கும் அடையாளம் தெரியாத கையெழுத்தில், எழுதியிருந்தது. தன் பெயரைப் பார்த்தவர் யாரோ தனக்காகவே ஆசையாகச் சமைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார். உள்ளே இருந்ததும் அவரவர் சிறுவயதில் உயிராக விரும்பித் தின்ற பண்டமாகவே இருந்தது. ஆசையாக வந்ததை மிச்சம் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? கடைசிக் கரண்டிவரை சாப்பிட்டார்கள். இப்படி மரியாதை பார்த்தே போய்ச்சேர்ந்த ஜனங்களை வேறெங்கும் காண முடியாது, எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

அப்படியானால் வேறு கடைக்குப் போவதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். போனோம். நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வந்த கடையில், பரிமாறுகிறவன் முதலில் தன் பெயரைச் சொல்லி, பிறகு கீரை எந்தப் பண்ணையில் வளர்ந்தது என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் கீரை ஆறிவிடும். ஆற்றங்கரைப் பன்றி வறுவல் கடை திங்கள், செவ்வாய், மழை நாள், முதலாளிக்கு முதுகு வலிக்கும் நாள் எல்லாம் விடுமுறை. இதை விட்டால் வண்டியிலிருந்து இறங்காமலே சன்னலில் வாங்கித் தின்னும் கடைகள். அதைச் சாப்பாடு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆகவே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாப்டிஸ்ட் சபையாரும் மெத்தடிஸ்ட் சபையாரும் வழக்கம்போல ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பியூலாவின் வாசலில் வரிசையில் நின்றார்கள். முன்பு முதலில் உட்காருவதற்காக முந்தினார்கள். இப்போது தட்டு வந்ததும் கிண்ணங்களை எண்ணி, மூன்று என்று தெரிந்தபின் விடும் மூச்சைச் சீக்கிரம் விட்டுவிடலாம் என்பதற்காக முந்தினார்கள்.

தப்பிக்கும் வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வயிறு நிறைந்துவிட்டதால், வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று அலுமினியத் தாள் கேட்டு வாங்கி, நான்காவது கிண்ணத்தை மூடிக்கொண்டு போனார். மறுநாளும் இருந்தார், அதற்கு மறுநாளும் இருந்தார். மிச்சம் வைத்தால்தான் அவமரியாதை, வீட்டுக்கு எடுத்துப்போவது பாராட்டு என்ற எங்கள் ஊர் விதி அப்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. அதிலிருந்து கிண்ணம் வந்தவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் அது ஒரு மூலையில் இருந்தது. கெடவில்லை, உலரவில்லை. ஒருவர் தன்னுடையதை ஆற்றில் எறிந்தார். மறுநாள் மதியம் அது குளிர்பெட்டியில், மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிய சுத்தத்தோடு இருந்தது. ஒருவருடைய மைத்துனன் பந்தயம் கட்டி அதைத் தின்று பார்த்தான். வெந்நீரைப்போலச் சப்பென்று இருக்கிறது என்றான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, விடிந்தபோது கிண்ணம் நிறைந்திருந்தது. சிலர் பெயரைப் பிய்த்துப் போட்டார்கள், அதுவும் திரும்ப வந்தது. பிய்த்த இடத்தில் வேறொரு பெயரை ஒட்டிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் வாயைத் திறக்கவில்லை.

மூன்று கிண்ணத்தோடு எடுத்த தட்டில், நடக்கும்போதே நான்காவது வந்து உட்கார்ந்திருக்கும்; வில்லீன் ஒவ்வொன்றையும் மேசைக்குப் போகும் வழியில் தூக்கி அடிப்பக்கம் படித்துவிடுவாள். "கண்ணு, இத நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போற, சரியா?" என்று சிரித்துக்கொண்டே தாளை நீட்டுவாள். அவளுடைய ஒரே மகள் ரேனா தாதியர் படிப்பு முடித்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஹோயலோடு அங்கே சாப்பிட வந்தாள். வில்லீன் தட்டை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்தவள், கிண்ணத்தைத் தூக்கிப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். பாகில் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மேலே பெக்கான் பருப்பு. ரேனா தூரத்திலிருந்தே அம்மாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "தாள் கொண்டாம்மா," என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் சட்டென்று உப்பு, மிளகை ஒருவருக்கொருவர் நகர்த்தத் தொடங்கினார்கள்.

இரண்டு வருடம் அது அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் கடுகுச் சாந்துக்குப் பின்னால் இருந்தது. ஹோயல் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிறவன், எதையும் திறந்து பார்த்துவிடும் ஆள். அந்தப் பெட்டியின் கதவைத் திறக்க மட்டும் அவனுக்குப் பிடிக்காது. பால் வேண்டுமென்றால்கூட மனைவியைக் கூப்பிடுவான். பிறகு ஒரு ஏப்ரலில் சூறைக்காற்று வந்து நகரத்தின் பாதி மின்கம்பங்களைச் சாய்த்தது. அப்போதுதான் யாரும் அறியாத ஒன்று தெரியவந்தது. கிண்ணம் குளிர்ந்திருக்கும்வரை சும்மா இருந்தது. சூடு ஏற ஏற அதன் வாசனை உரியவரைக் கூப்பிட்டது. அந்த வாசனை எட்டியவருக்கு வேறெதுவும் தொண்டையில் இறங்கவில்லை. முதல் இரண்டு நாளில் மட்டும் ஒன்பது வீடுகளில் நாற்காலிகள் காலியாயின. அந்த ஆசிரியை அதில் ஒருவர்.

ஐஸ் கட்டிக்காக ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. ஹோயல் விழுந்த மரங்களுக்கு நடுவே வண்டியை ஓட்டி, பக்கத்து ஊர்களில் கிடைத்த ஐஸையெல்லாம் வாங்கிவந்து கிண்ணத்தைப் புதைத்து வைத்தான். மூன்றாம் நாள் காலையில் அறுபது மைல் போயும் ஒரு பை கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது வீடு முழுக்க லவங்கப்பட்டை வாசனை. ரேனாவை வில்லீன் குளியலறையில் தள்ளி, உள்ளே தாழ்ப்பாள் மட்டும் உள்ள அந்தக் கதவை வெளியிலிருந்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலைச் சுவரில் முட்டுக்கொடுத்திருந்தாள். உள்ளே ரேனா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது வீணாப் போகுதும்மா. யாரோ பாவம் எனக்காகச் செஞ்சது."

"பேசாம இருடி."

"ஒரு வாய் மட்டும். மரியாதைக்கு ஒரு வாய். நீதானே சொல்லிக் குடுத்த?"

வில்லீனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆமாம், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ரேனா, ஐஸையும் மீறி லேசாகக் கசிந்த வாசனையில், மூன்று நாள் பட்டினி கிடந்தவள், ஆனால் கதவை இழுத்த இழுப்பில் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. இன்னும் பத்து நிமிடம் பிடிக்க முடியுமா என்று வில்லீனுக்குத் தெரியவில்லை.

ஹோயல் நேரே சமையலறைக்குப் போனான். குளியலறை வாசலிலிருந்து கூடத்து வழியாக வில்லீனுக்கு அவன் முதுகு தெரிந்தது. கிண்ணத்தை எடுத்தான். அடியிலிருந்த ஒட்டுக் காகிதத்தை உரித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டான். இழுப்பறையைத் திறந்து சுருளிலிருந்து புதிதாக ஒரு துண்டு கிழித்து ஒட்டி, பேனாவால் நிதானமாக எழுதினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஹோயல், என்ன பண்ற? அதக் கீழ வை. ஹோயல்!"

"கதவ விட்றாத."

"நான் வரேன், இரு, நான்..."

"நீ வந்தா அவ வந்துருவா. கையெடுக்காத, வில்லீன்."

அவன் தலை குனிந்து, உணவுக்கு நன்றி சொல்லி, ஆமென் சொன்னான். சர்க்கரைவள்ளிக்கிழங்கு அவனுக்கு ஆகவே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு நன்றியறிதல் பண்டிகை விருந்திலும் அவள் நீட்டுவாள், அவன் தட்டை நகர்த்துவான். இப்போது பெரிய கரண்டியால் எடுத்து, மருந்து குடிக்கும் குழந்தையைப்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டான். நாலைந்து கரண்டிக்குப் பிறகு சுளிப்பு நின்றது. கிண்ணத்தைச் சாய்த்துப் பாகை வழித்தான்.

"முப்பது வருஷமா நீ சொன்ன, நான்தான் கேக்கல," என்றான். "நல்லாத்தான் இருக்கு."

கரண்டி மேசையில் விழும் சத்தம் கேட்டது. கதவின் இழுப்பு நின்றுவிட்டது. வில்லீன் கைப்பிடியை விட முடியாமல் அப்படியே நின்றாள். விட்டால் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து ரேனா, தூங்கி எழுந்த குரலில், "அம்மா, வீட்ல முட்டை இருக்கா? ரொம்பப் பசிக்குது," என்றாள். அவள் நான்கு முட்டை சாப்பிட்டாள். சாப்பிடும்போது எதிரே மேசையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் இருந்தன. வில்லீன் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. ரேனா கடைசி வாயை மென்றுகொண்டே கேட்டாள், பிறகு அந்த வாயை விழுங்க வெகுநேரம் ஆயிற்று.

அக்கம்பக்கத்தார் கோழி, பீன்ஸ், உருளைக்கிழங்கு என்று பதினேழு பாத்திரம் கொண்டுவந்தார்கள். வில்லீன் ஒவ்வொன்றையும் தலைக்குமேல் தூக்கி அடியில் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டாள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் வந்தது, பியூலா கடையைத் திறந்தாள், வில்லீன் மறு வாரமே வேலைக்குப் போனாள். துக்கம் விசாரித்தவர்களிடம், "பொண்ணு நல்லாருக்கா," என்று மட்டும் சொன்னாள். ஹோயல் தன் பெயரை எழுதி ஒட்டியது எப்படியோ ஊருக்குத் தெரிந்து, அதன்பின் எங்கள் இரும்புக் கடைகளில் ஒட்டுக் காகிதத்தைப் பூட்டி வைத்து விற்கிறார்கள். பிள்ளை குட்டி உள்ளவர் கேட்டால் கடைக்காரர் சுவருக்குச் சாயம் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டவா என்று இரண்டு தரம் கேட்பார், தெரிந்தவராக இருந்தால் கூடவே வந்து சுவரையும் பார்ப்பார். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்று விசாரித்தால் இன்றைக்கும் பியூலா கடையைத்தான் சொல்கிறோம். வறுத்த கோழி வாங்குங்கள், கிண்ணத்தை எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறோம்.

போன வருடம் வில்லீனுக்கும் கிண்ணம் வந்தது. தன் பெயரைத் தானே படித்துவிட்டு, தாள் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெண்ணெய் போட்ட பட்டாணி. அன்றே, ரேனா வேலையிலிருந்து திரும்புமுன், வீடு முழுக்கத் தேடி, இருந்த ஒட்டுக் காகிதச் சுருள்களையும் பேனாக்களையும் எடுத்துப்போய் ஆற்றில் எறிந்தாள்; அவை திரும்பி வரவில்லை. ரேனா மருத்துவமனை வேலைக்குப் போய் வருகிறாள், இன்னும் அம்மாவோடுதான் இருக்கிறாள். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் எப்போதாவது இடி இடித்து விளக்கு ஒரு முறை மின்னி மங்கினால், ஒருத்தி படுக்கையறையிலிருந்தும் இன்னொருத்தி முற்றத்திலிருந்தும் ஓட்டமாக ஓடிவந்து, குளிர்பெட்டியின் முன்னால் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். வில்லீன் ஐஸ் எடுக்க வந்ததாகச் சொல்கிறாள். ரேனா, குளிர்ந்த தேநீர் ஊற்றத்தான் வந்தேன் என்கிறாள். விளக்கு நிலைக்கும்வரை இருவரும் அங்கேயே நின்று, தாகமே இல்லாமல், ஆளுக்கொரு கோப்பை தேநீர் குடிக்கிறார்கள்.