கன்டெய்னர் நாளும் ஊசி நாளும்

கிழக்கு வெளுக்குமுன் இசக்கிசெல்வி இரண்டு கூடை இறாலுக்குத் தலை கிள்ளி முடித்திருந்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கி, மரத்துக் கிடந்தன. சத்து என்று விலைபேசிக் கப்பலேற்றுகிற இறால் அவள் விரல் வழியாகப் போனதே தவிர வாய் வழியாகப் போனதில்லை. ஆறு வருஷம் பிள்ளையில்லாமல், திருச்செந்தூரில் நேர்ந்துகொண்டவள்: பிள்ளைக்கு முடியிறக்கும்வரை மீன், முட்டை வாயில் வைப்பதில்லை.

"விரதம் இருந்துக்கோ. பால், தயிர் சேத்துக்கோ, மீன் முட்டையில உள்ள பி-டுவெல்வ் சத்துக்கு ஊசி போடணும், அதுக்கு மட்டும் தவறாம வா" என்றுதான் மாசமாக இருந்தபோது நர்ஸம்மா சொன்னாள். கம்பெனியில் பால் டீ கடுங்காப்பியானது. ஊசி செவ்வாய்க்கிழமை, ஏற்றுமதிச் சரக்கு ஏற்றும் கன்டெய்னர் வருவதும் செவ்வாய்க்கிழமை. சரக்கு ஏறாமல் கேட் திறக்காது; ஊசிகள் தவறின.

மகள் சண்முகவடிவு மூன்றாம் மாதம் சிரித்தாள். ஐந்தாம் மாதம் சிரிப்பை மறந்தாள். நின்ற கழுத்து மறுபடி சாய்ந்தது. நேற்று டாக்டர் ரத்தம் பார்த்துச் சொன்னார்: அம்மாவுக்கும் பி-டுவெல்வ் இல்லை, தாய்ப்பாலிலும் இல்லை. பத்து நாள் வார்டில் இருந்து இருவருக்கும் ஊசி. "தேறும்மா. எவ்வளவு தேறும்னு இப்பச் சொல்ல முடியாது."

லீவு கேட்க வந்தவளைக் கன்டெய்னரை முடி என்று மேஜையில் நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே புருஷன் சுடலைக்கண்ணன் பிள்ளையோடு நின்றான்.

முதலாளி தாணுலிங்கம் வந்தார். "பத்து நாளா? ஏளா, மீன் கம்பெனியில வேல பாக்கவளுக்குச் சத்துக் கொறச்சலா? வெளிய சொல்லாத, சரக்கு விக்காது."

பக்கத்து மேஜை கிளாடிஸ் கையுறையைக் கழற்றினாள். "பால் டீய நிறுத்துனது யாரு அண்ணாச்சி? செவ்வாக்கெழம கேட்டப் பூட்டுனது யாரு?"

"பிள்ளையப் பாக்கது ஆத்தா வேல. கம்பெனி வேலையா?"

நாற்பது பேரின் கைகளும் தண்ணீரிலிருந்து எழுந்தன. தட்டுகளில் ஐஸ் உருகத் தொடங்கியது. அண்ணாச்சி ஐஸைப் பார்த்தார், குரல் இறங்கியது.

"சரி, இவ மட்டும் போட்டும். வேல போவாது. மத்தவங்க கையப் போடுங்க."

இசக்கிசெல்வியின் கால் கேட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. அப்போதுதான் எதிரே பேச்சிச்செல்வியைப் பார்த்தாள். ஆறு மாத வயிறு; மணிக்கட்டில் தன்னுடையதைப் போலவே நேர்த்திக் கயிறு.

"இவளுக்கும் இன்னைக்குத்தான் ஊசி, அண்ணாச்சி."

"நீ போளா," என்றாள் கிளாடிஸ். "பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்காத. ஒனக்கும் சேத்து நாங்க இருக்கோம். செவ்வாக்கெழம கேட் தொறக்கணும், டீயில பால் வரணும். அதுவரைக்கும் இறாலத் தொட மாட்டோம்."

பேரம் பேசியே வளர்ந்த அண்ணாச்சி, யாராவது ஒருத்தி இறங்கி வருவாள் என்று காத்திருந்தார். ஒருத்தி பின் ஒருத்தியாக மேஜையை விட்டு நகர்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தொடையில் ஊசி ஏறியது. ஊசியை எடுத்த பிறகுதான் பிள்ளையின் முகம் கோணியது. வலிகூடத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. இசக்கிசெல்வி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தன் கையை நர்ஸிடம் நீட்டினாள்.

போன் அடித்தது. கிளாடிஸ். "எல்லாரும் கேட்டுக்கு வெளிய உக்காந்திருக்கோம். அண்ணாச்சி வேற ஆளு கொண்டு வாரேங்காரு. கன்டெய்னர் வெறுமனே நிக்கி."

"பேச்சி?"

"ஊசிக்கு அனுப்பிட்டோம். வருவா, எடம் புடிச்சு வையி."

ஊசி போடும் வரிசை இன்னும் நீளமாக இருந்தது. வார்டில் படுக்கைக்குக் காத்திருந்த இசக்கிசெல்வி பிள்ளையை மடியில் சேர்த்தணைத்துக்கொண்டு, பெஞ்சில் ஓராள் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.