நாற்பத்தோரு ஓட்டில் தோற்க வேண்டியவள்

வீராசாமி சொன்ன தேர்தல் முடிவு முப்பத்திரண்டு வருடங்களாக ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அன்னை காலனியில் இதை யாரும் மறுப்பதில்லை. மறுத்த ஒன்றிரண்டு பேரும் ஆவடிப் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தவர் அவர். மிஷின் விழும் சத்தத்தை வைத்தே, தகடு தேறுமா கழிவா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதே காதைத்தான் வேலையில் இருக்கும்போதே அரசியலுக்கும் திருப்பினார். ஓய்வு பெற்ற பிறகு, காலனி முனையில் அந்தோணிராஜின் டீக்கடை பெஞ்சில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால், எந்தக் கட்சி எந்த வார்டில் எத்தனை ஓட்டு என்று பதினொன்றுக்குள் சொல்லி முடித்துவிடுவார். ஒருமுறை சென்னீர்குப்பத்துப் பக்கமிருந்து ஒரு வேட்பாளரே தேடி வந்து, தான் ஜெயிப்போமா என்று கேட்டார். வீராசாமி டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த மனிதர் மனுத்தாக்கல் செய்யாமல் அப்படியே பூந்தமல்லி பஸ் ஏறிவிட்டார். வாக்கு எண்ணும் அதிகாரிகள் கூட்டிக் கழித்துப் பார்த்தபின் ஒரு ஆளை அனுப்பித் தன்னிடம் சரிபார்த்துக்கொள்வார்கள் என்பது வீராசாமி சொல்லும் செய்தி. அந்த ஆளை வேறு யாரும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. ஊராட்சித் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் கட்சி யாரைக் கைகாட்டுகிறதோ அவருக்குத்தான் ஓட்டு விழும். கட்சியிடம் விருப்ப மனு கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கிருஷ்ணப்பிரியா. வீட்டுமனை போட்டு விற்கும் உதயகுமாரின் மனைவி. எட்டு மாதத்துக்கு முன்புதான் போரூர் பக்கமிருந்து இங்கே மாடி வீடு கட்டிக் குடிவந்தார்கள். இன்னொருத்தி வேம்புலியம்மாள். இருபத்திரண்டு வருடமாகக் கட்சிச் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியவள், கொடி கட்டியவள், கூட்டத்துக்கு லாரியில் ஆள் ஏற்றியவள். அவள் வீராசாமியின் மனைவி.

மாவட்டத் தலைமை இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இன்னொருவரின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்ள விரும்பவில்லை. உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டது. ஓட்டுச்சீட்டு வைத்தால் பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்று பேச்சு வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் இரண்டு வேட்பாளர்களும் இரண்டு பக்கம் நிற்க வேண்டும், உறுப்பினர்கள் பிடித்தவர் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும், பகல் பன்னிரண்டரைக்கு மேலிடப் பார்வையாளர் தலையை எண்ணுவார் என்று முடிவானது. வேட்பாளர்களைத் தவிர உறுப்பினர் அட்டை உள்ளவர்கள் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர்.

செய்தி வந்த மறுநாள் காலை டீக்கடையில் பெஞ்சு போதாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தோணிராஜ் டீயைக் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டான்.

"இன்னா நைனா, அக்காவா அந்தம்மாவா?"

வீராசாமி அவசரப்படவில்லை. தெருத் தெருவாகப் பிரித்தார். தேவாலயத் தெருவில் பாதிப் பேர் உதயகுமாரிடம் மனைக்கு முன்பதிவு செய்திருக்கிறார்கள். திருமழிசை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு உதயகுமார் கிரிக்கெட் மட்டையும் பனியனும் கொடுத்திருக்கிறார். கிருஷ்ணப்பிரியா நன்றாகப் படித்தவள், சிரித்த முகம், மேடையில் பேசுவாள். வேம்புலியம்மாளோ மேடை ஏறினால் மைக்கைப் பார்த்து முறைப்பாள். அது மட்டுமில்லை, பசை காய்ச்சுகிற ஆளை எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் அவளைத் தலைவராக யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. இது நியாயமா என்று யாரோ கேட்டார்கள். நியாயம் வேறு, கணக்கு வேறு, தான் கணக்குச் சொல்கிற ஆள் என்றார் வீராசாமி.

"நாப்பத்தோரு ஓட்டுல என் பொண்டாட்டி தோத்துடுவா" என்றார்.



அவர் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. வேம்புலியம்மாள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி வீட்டில் இருக்கிறது. கோபம் வந்தால் அவளுக்கு அம்மிதான் வேண்டும்.

"நாப்பத்தொண்ணு. அது எப்டி அவ்ளோ கரீட்டா?"

"இருவத்திரண்டு வருசமா நீ ஒழைச்சத வெச்சி நான் சொல்லல வேம்பு. ஆளுங்க மொகத்த வெச்சிதான் சொன்னேன்."

"எம் மொகத்த ஒரு தபா பாத்தியாய்யா?"

அன்றிலிருந்து ஒன்பது நாள் அவள் அவரிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். தகட்டுச் சத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு ஒவ்வொரு வேளையும் கழிவு என்றே கேட்டது. இரவில் அவர் இன்னொரு தரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பத்தைந்தாகக் குறைக்க முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. நாற்பத்தொன்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காக ஒரு பேனர் வைத்திருந்தார்கள். அதில் உதயகுமார் பெரிதாகக் கை கூப்பியிருந்தார். அவருடைய தோளுக்குக் கீழே, கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேர் இருக்கிற அளவுக்கு, கிருஷ்ணப்பிரியாவும் இருந்தாள். வேம்புலியம்மாளுக்குப் பேனர் இல்லை. நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் அவளே வந்து நின்றாள்.

பார்வையாளர் ஜாபஸ் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கழுத்தில் விசில், கையில் அட்டை, முகத்தில் எந்தப் பக்கமும் சாயாத ஒரு சோர்வு. பன்னிரண்டரைக்கு விசில் ஊதும்வரை யாரும் வரிசை மாறலாம், ஊதிய பிறகு எவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் அவருடைய ஓட்டு என்றார். வீராசாமி எந்த வரிசையிலும் நிற்கவில்லை. ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முடிவு சொல்கிறவன் நடுவில் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அப்படியே வரிசையில் போய் நின்றிருந்தாலும் வேம்புலியம்மாள் விரட்டியிருப்பாள்.

பன்னிரண்டு மணிக்கு அவர் கண்ணாலேயே எண்ணினார். கிருஷ்ணப்பிரியா பின்னால் நூற்றிருபத்தேழு. வேம்புலியம்மாள் பின்னால் எண்பத்தாறு. வித்தியாசம் நாற்பத்தொன்று. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. அந்தோணிராஜ் கிருஷ்ணப்பிரியா வரிசையிலிருந்து அவரைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு துல்லியமாக அவருக்கு எதுவும் வந்ததில்லை. அவர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். துடைத்தும் சரியாகத் தெரியவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் உதயகுமார் ஜெயித்திருப்பார். ஆனால் வரிசை கலைந்துவிடக் கூடாதே என்று பயம். பன்னிரண்டு பத்துக்கு, கிருஷ்ணப்பிரியா நின்ற பக்கம் மேசை போட்டு, பூந்தமல்லியிலிருந்து வரவழைத்த மூன்று தேக்சா பிரியாணியைத் திறக்கச் சொன்னார். மூடியைத் தூக்கியதும் வாசனை மண்டபத்தை இரண்டு சுற்று சுற்றியது. தங்கள் வரிசையில் நிற்கிறவர்கள் முதலில் சாப்பிடலாம் என்று மைக்கில் அறிவித்தார்.

ஒருத்தர்கூட நகரவில்லை.

உதயகுமாருக்குப் புரியவில்லை. மறுபடி அறிவித்தார். வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர, தட்டை யாரும் தொடவில்லை.

அன்னை காலனியில் ஒரு வழக்கம் உண்டு. பல வருடத்துக்கு முந்தைய பெரிய தண்ணீர்ப் பஞ்சத்தில், தண்ணீர் லாரி உள்ளே நுழைய முடியாமல் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். அங்கிருந்து குடத்தில் சுமந்து வந்தால்தான் கல்யாணமானாலும் கருமாதியானாலும் உலை கொதிக்கும். அப்போது ஆரம்பித்தது. எந்த விருந்தானாலும் தண்ணீர் தூக்கியவர்களுக்கே முதல் பந்தி. மாதா திருவிழா அசனச் சாப்பாடானாலும் அம்மன் கூழானாலும் அதேதான். குழாய் வந்த பிறகும், தண்ணீர் பிடித்து டிரம் நிரப்புகிற பெண்கள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் இலையைத் தொடுவார்கள். கவுன்சிலர் வந்தாலும் நின்றுகொண்டுதான் இருப்பார்.

எட்டு மாதத்தில் உதயகுமாருக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவர் தண்ணீரைக் கேனாக வேனில் வரவழைத்திருந்தார். வேன்காரன் பதினோரு கேனை வாசல் கேட்டருகே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். யாரும் தூக்கவில்லை. தூக்காதபோது முதல் பந்தி யாருக்கு? அது தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது? இருநூறு பேர் பிரியாணி வாசனையில் வாயூற நின்றுகொண்டு, இந்தச் சிக்கலை யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

வேம்புலியம்மாள் இரண்டு நிமிடம் பார்த்தாள். எதிர்ப்பக்கம் கிருஷ்ணப்பிரியா பட்டுப்புடவையில் பத்து மணியிலிருந்து நின்று உதடு வறண்டு போயிருந்தாள். யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கவில்லை. வேம்புலியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். தன் வரிசையை விட்டு வெளியே நடந்தாள். தலைவர் ஆக வேண்டியவள் வரிசையை விட்டுப் போகிறாளே என்று வீராசாமி நாற்காலி நுனிக்கு வந்தார். அவள் கேட்டருகே போய், குனிந்து, இருபது லிட்டர் கேனை ஒரே மூச்சில் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஐம்பத்தெட்டு வயது. நேராக நடந்து வந்து எதிராளியின் மேசையில் வைத்து, ஒரு டம்ளரில் ஊற்றிக் கிருஷ்ணப்பிரியாவிடம் நீட்டினாள்.

"மொதல்ல குடிம்மா. அப்புறம் போட்டி போட்டுக்கலாம்."

கிருஷ்ணப்பிரியா ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு சற்று விலகி வேம்புலியம்மாளுக்கு இடம் விட்டு, அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "நீங்க மொதல்ல சாப்பிடுங்கக்கா" என்றாள். யாரும் சொல்லிக்கொடுத்து அவள் அப்படிச் செய்யவில்லை.

அவ்வளவுதான். முதல் பந்தி யாருக்கு என்று தெரிந்துவிட்டது. எண்பத்தாறு பேர் இந்தப் பக்கமிருந்து வந்தார்கள். நூற்றிருபத்தேழு பேரும் திரும்பி வந்து சேர்ந்தார்கள். தன் திட்டத்தை யார் கெடுத்தார்கள் என்று விசாரிக்கத் தட்டோடு வந்த உதயகுமாரும் கூட்டத்தில் நெரிபட்டு நடுவில் மாட்டிக்கொண்டார். ஒரே வரிசை. மேசையிலிருந்து தொடங்கி, மண்டபத்தை வளைந்து, செருப்பு விடும் இடம் வரைக்கும் போனது.

ஜாபஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. விசிலை ஊதினார்.

உதயகுமார் வரிசைக்கு உள்ளேயிருந்தே ஆட்சேபம் தெரிவித்தார். இது ஓட்டுக்கு நிற்கிற வரிசை இல்லை, எல்லாரும் பசிக்கு நிற்கிறார்கள் என்றார். பசியோடு நிற்கிறவன் ஓட்டு செல்லாது என்று வைத்தால் இந்தக் கட்சியில் ஒரு ஓட்டும் மிஞ்சாது என்றார் ஜாபஸ். ஆனாலும் வாத்தியார் இல்லையா, கேட்காமல் எழுத மனம் வரவில்லை. வரிசையில் நாலாவதாக நின்ற சகாயம்மாளிடம் போனார். மாதா கோயில் அசனத்துக்கு வருடா வருடம் தண்ணீர் டிரம் நிரப்புகிறவள் அவள்.

"இது ஓட்டு வரிசையா, சோத்து வரிசையாம்மா? நான் எழுதணும்."

"எங்க ஊட்டாண்ட அப்டிப் பிரிச்சிப் பாக்குற பழக்கம் இல்ல சார். தண்ணி தூக்கியாந்தவங்க பின்னாடி நிப்போம். சோத்துக்கும் அதான், ஓட்டுக்கும் அதான். எழுதிக்கோங்க."

வரிசை நெடுக ஆமாம் என்று ஒரு முனகல் போனது. ஜாபஸ் எழுதிக்கொண்டார். தலையை எண்ணிக்கொண்டே கடைசி வரை போனார். இருநூற்றுப் பதின்மூன்று. எதிர் வேட்பாளர் அந்தக் கணக்கில் இல்லை. பட்டியலில் ஒரு பெயர் மட்டும் குறைந்தது. ஜாபஸ் திரும்பி நாற்காலியைப் பார்த்தார்.

வீராசாமி எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசி ஆளாகப் போய் நின்றார். எனக்கும் பசிக்குது என்று ஜாபஸிடம் காரணம் சொன்னார். அன்று காலை அவர் எட்டு இட்லி சாப்பிட்டிருந்தார்.

இருநூற்றுப் பதினான்கு.

முன்னால் வேம்புலியம்மாள் முதல் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினாள். வளைந்து வளைந்து போகிற வரிசையைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள். வாலில் நின்றவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு தட்டைச் சகாயம்மாளிடம் கொடுத்துவிட்டு, மிச்சம் பத்துக் கேனையும் யார் தூக்குவது என்று கேட்டாள். வீராசாமிதான் தூக்கினார். மூன்றாவது கேனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பத்தையும் தானே தூக்கியதாக அவர் சொல்வதில் ஏழு கேன் அதிகம்.

மறுநாள் டீக்கடையில் அவர் பெஞ்சில் உட்காரவில்லை. நின்றுகொண்டே அறிவித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தன் கணக்கு தப்பிவிட்டது என்றார். தோற்றவன் முகத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். மகளுக்கு மெடல் கிடைத்தது போல் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எத்தனை தப்பு என்று கேட்டவர்களுக்கு, இருநூற்றைம்பத்தைந்து என்று கூட்டிச் சொல்லி, இவ்வளவு பெரிய தப்பை இந்தியாவில் எந்தக் கருத்துக் கணிப்பும் செய்ததில்லை என்றார். ஒரு வாரத்தில் அவர் சொல்லும் வரிசை மண்டபத்தைத் தாண்டிவிட்டது. மாதக் கடைசியில் அது காட்டுப்பாக்கம் பஸ் நிறுத்தத்தைத் தொட்டது.

தேர்தலுக்குத் துண்டறிக்கை அச்சாகி வந்தது. அதில் வேம்புலியம்மாள் படம் மட்டும் பெரிதாக இருந்தது. புருஷன் படம் போடுவது ஊர் வழக்கமாச்சே என்று வீராசாமி மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"தோத்துடுவேன்னு சொன்ன ஆளு படத்த யாருய்யா போடுவா" என்றாள். அம்மி ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்திவிட்டு, "நாளைக்கி டீக்கடையில கேப்பாங்க. இந்த தபாவும் தோத்துடுவேன்னே சொல்லு. கொஞ்சம் பெருசா சொல்லு" என்றாள்.

அவள் சொன்னபடியே காலையில் அந்தோணிராஜ் கேட்டான். உண்மையான தேர்தலில் என்ன ஆகும், நைனா?

வீராசாமி டீயை ஒரு வாய் உறிஞ்சினார். தெருத் தெருவாகப் பிரித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஆயிரத்தி எரநூறு ஓட்டுல தோத்துடுவா" என்றார்.

கடை முழுக்க மகிழ்ச்சியோடு தலையாட்டியது. அந்தோணிராஜ் கேட்காமலே இன்னொரு டீயை நீட்டினான். வீராசாமி முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த துண்டறிக்கையை மட்டும், அவள் முகம் வெளியே தெரியும்படி எடுத்துத் திருப்பி வைத்துக்கொண்டார்.