கரி பஸ்ஸும் கட்டின புருஷனும்

முத்துவடிவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது புருஷன் தானாகக் கண் விழித்து அவள் பார்த்ததில்லை. சங்கரபாண்டி கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், குழம்பில் உப்பே போடாவிட்டாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போவான். ஆனால் விடியற்காலையில் அவனை எழுப்புவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் பகல் முழுவதும் அவள் காலந்தள்ளினாள்.

இத்தனைக்கும் அவன் பார்த்த உத்தியோகம் என்ன? குற்றாலத்திலிருந்து தென்காசி ரயிலடிக்குப் போகும் முதல் பஸ்ஸின் டிரைவர். ஆறு மணிக்குப் பஸ் புறப்பட்டால்தான் திருநெல்வேலி ரயிலைப் பிடிக்கலாம். பெட்ரோல் கிடைத்த காலத்தில் கடைசி நிமிஷத்தில் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினாலும் சமாளித்துவிடுவான். உலகச் சண்டை வந்தது; பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ் முதலாளி ஒலி முகம்மது வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலையை மாட்டிவிட்டார். அதில் கரியைக் கொட்டி, பற்றவைத்து, விசிறியைக் கையால் சுற்று சுற்றென்று சுற்ற வேண்டும். உள்ளே வாயு உண்டானதும் குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் தீ நீலமாய் நின்று எரியும். அப்புறந்தான் என்ஜின் அசையும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். கரி நமத்துப் போயிருந்தால் இன்னும் கொஞ்சம். கரி போட்டுக்கொண்டிருந்த கிளீனர் தாணு பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். வேறு ஆள் அகப்படவில்லை. ஆகையால் அந்த வேலையும் சங்கரபாண்டியின் தலையில் விழுந்தது. ஐந்து மணிக்கு அவன் ஷெட்டில் நிற்க வேண்டும்.

லேசில் கிளம்பாத வண்டி. அதைக் கிளப்ப, லேசில் கிளம்பாத மனுஷன். முதலாளிக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று முத்துவடிவு பல நாள் நினைத்திருக்கிறாள். வேறு ஆள் கிடைத்தால் தன் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் உடனே நினைவுக்கு வந்துவிடும்.

சாயங்காலம் பார்த்தால் சங்கரபாண்டியைப் போல் சுறுசுறுப்பான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது. "நாளையிலேருந்து பாருட்டி. கோழி கூவுததுக்கு முன்னால எந்திச்சி, அருவியில ஒரு முழுக்குப் போட்டுட்டு, நெத்தி நெறைய திருநீறு பூசிட்டுப் போவேன்" என்பான். அந்த நாளை என்றைக்கு வந்தது? எங்கெங்கிருந்தோ ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து குளிக்கிற அருவிக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, பொழுது ஏறுமுன் முகத்தில் தண்ணீர் பட்டாலே நடுங்குகிற ஆள் அவன்.

சீசனுக்கு வந்திருந்த மதுரை வக்கீல் ஒருவர் இவனுக்கு யோசனை சொன்னார். படுக்கப் போகுமுன் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் வயிறே விடியுமுன் எழுப்பிவிடுமாம். குடித்தான். வயிறு நடுச்சாமத்தில் எழுப்பியது. போய்விட்டு வந்து, தொல்லை விட்டது என்று முன்னைவிட நன்றாகத் தூங்கினான். தலையணையை மூன்று தடவை தட்டி, "நாலரை, நாலரை, நாலரை" என்று சொல்லிவிட்டுப் படுத்தால் சரியாக நாலரைக்கு விழிப்பு வரும் என்றும் அந்தப் புண்ணியவான் சொல்லியிருந்தார். பக்கத்தில் படுத்திருந்த முத்துவடிவுக்குத்தான் விழிப்பு வந்தது. வெறுந்தரையில் படுத்தால் தூக்கம் பிடிக்காது என்று கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டுப் படுத்தான். தரையில் அவன் விட்ட குறட்டைக்குப் பிள்ளைகள் இரண்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டன.

எழுந்துவிட்டால் மட்டும் என்ன? உட்கார்ந்தபடி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பான். ஏதோ கெட்ட சேதி வந்த கடிதாசியைப் படிக்கிறவன் மாதிரி அத்தனை நேரம் பார்ப்பான். பிறகு ஒரு பீடி. பிறகு கருப்பட்டிக் காப்பி. காப்பியைக் குடித்துவிட்டு, "உள்ள எறங்கட்டும்" என்று மறுபடியும் சாய்ந்துவிடுவான். காப்பி இறங்குவதற்கு மனுஷன் படுக்க வேண்டும் என்று எந்த வைத்தியன் சொன்னான்?

அவளுடைய அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அலாரம் டைம்பீஸ் ஒன்று வீட்டில் இருந்தது. அதை யாருக்கும் தெரியாமல் அரை மணி முன்னால் தள்ளி வைத்தாள். இரண்டு நாள் பலித்தது. மூன்றாம் நாள் ரயிலடிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து, "கள்ளி!" என்றான். அதோடு அந்தத் தந்திரமும் போயிற்று. அதற்கு மேல் சோதனையாக, அந்த ஆவணியில் சர்க்கார் சண்டையைச் சாக்கிட்டு நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டது. ரயில், கோர்ட்டு, பள்ளிக்கூடம் எல்லாம் புது மணி. சங்கரபாண்டியின் தூக்கம் மட்டும் பழைய மணி.

"மணி அஞ்சு காட்டுது, எந்திரிங்க."

அவன் கண்ணைத் திறக்காமலே கணக்குப் போட்டான். "அஞ்சுல ஓன் கள்ள அரை மணியைக் கழி. நாலரை. அதுல சர்க்கார் தள்ளுன ஒரு மணியைக் கழி. மூணரை. மூணரைக்கு எந்த மனுசன்ட்டி எந்திப்பான்?"

"ரயிலு புது மணிக்குத்தான ஓடுது?"

"ரயிலுக்கென்ன, அதுக்குத் தூக்கமா வருது?"

சந்தையில் நாலு வாழைக்காய்க்குக் கணக்குப் பார்க்கத் தெரியாமல் முழிக்கிறவனுக்கு, தூக்கத்தில் இப்படிக் கழித்தல் கணக்கு எங்கிருந்து வருகிறது? முத்துவடிவுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. டைம்பீஸைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று பார்த்தாள். அண்ணன் கொடுத்தது என்பதால் வைத்துவிட்டாள்.

புரட்டாசி முடிவதற்குள் பஸ் இரண்டு தடவை ரயிலை விட்டுவிட்டது. இரண்டாவது தடவை பதினெட்டுப் பேர் தென்காசி ரயிலடியில் நின்றுகொண்டு, போகிற ரயிலின் முதுகைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் மகளின் வளைகாப்புக்குச் சீர்வரிசைத் தட்டுகளோடு போனவர். அவர் ஒலி முகம்மதின் வீட்டு வாசலுக்கே வந்து தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுச் சண்டை போட்டாராம்.

அன்று மத்தியானம் முதலாளி தெருவில் நின்றபடியே கூப்பிட்டார். "ஏலே சங்கரபாண்டி! நீ வண்டி ஓட்டுததுல ஒரு கொறையும் இல்ல. அதுக்காவத்தான் இம்புட்டு நாளும் பொறுத்தேன். இன்னொரு தடவை ரயிலை விட்டேன்னா சாவி மாடக்கண்ணு கையிலதான். ஆய்க்குடியிலேருந்து தெனமும் வந்து டிரைவர் வேலை கேட்டுட்டு நிக்கான். பெறகு என்னையக் கொற சொல்லாத."

சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு, "நாளையிலேருந்து பாருங்க மொதலாளி" என்றான். கதவுக்குப் பின்னால் நின்ற முத்துவடிவு அந்த வார்த்தையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். நாளை என்ன நடக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாள் நாலரைக்கு ஒரு தடவை உலுக்கிப் பார்த்தாள். "எந்திச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. சேலையை வரிந்து செருகிக்கொண்டு, அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு, நாலு வீடு தள்ளியிருந்த ஷெட்டுக்கு நடந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சோற்றுத் தூக்குக் கொண்டு வரும்போது தாணு கரி போடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். நனைந்த விறகை ஊதி ஊதி மூன்று வேளையும் சமைக்கிறவளுக்கு இது என்ன பெரிய வித்தை? பெரிய வித்தையாகத்தான் இருந்தது. புகை கண்ணைக் கரித்தது. விசிறியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் ஆறடிக்கப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது குழாயில் தீ நீலமாய் நின்றது. வீட்டுக்கு ஓடினாள். தொண்டை கிழியக் கத்தி அவனை எழுப்பினாள். அவன் வந்து சீட்டில் உட்கார்ந்தான். ஒரே இழுப்பில் என்ஜின் பிடித்தது.

"யாருட்டி கரி போட்டா?" என்று கேட்டான்.

"நான்தான். வேற யாரு?"

"பரவால்லியே" என்றான். அதோடு சரி.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. பத்து நாளில் அவளுக்குக் கை பழகிவிட்டது. பஸ் ஒரு நாளும் பிந்தவில்லை. இதில் பொறுக்க முடியாதது என்னவென்றால், தான் திருந்திவிட்டதாகச் சங்கரபாண்டியே நம்ப ஆரம்பித்துவிட்டதுதான். பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தான். "எல்லாம் மனசுலதான் அண்ணாச்சி இருக்கு. எந்திக்கணும்னு நெனச்சா எந்திச்சிரலாம். மொதல்ல ஒரு பத்து நாள் கஷ்டமா இருக்கும். பெறகு ஒடம்பு சொன்னபடி கேக்கும்" என்று அவன் சொல்வது, கரிக் கையோடு ஓரமாய் நின்றவளின் காதில் விழுந்தது. கரிக் கூடையை அப்படியே அவன் தலையில் கவிழ்த்துவிடலாம் போல் இருந்தது. எந்தப் பத்து நாள்? யாருடைய உடம்பு?

இந்த உபதேசம் முதலாளியின் காதுக்கும் போய்விட்டது. அப்படி என்னதான் மாயம் நடந்துவிட்டது என்று பார்க்க, ஐப்பசியில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஐந்தேகாலுக்கு ஷெட்டுக்கு வந்தார். உலைக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை நின்று விசிறி சுற்றுவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, எத்தனை நாளா இது?"

மறைத்துப் பயனில்லை. "ஒரு மாசமா" என்றாள்.

"அவன் எங்க?"

"தூங்குதாவ."

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார். "அவனைத்தான் நீ எழுப்புத. ஒன்னைய யாரும்மா எழுப்புதா?"

பன்னிரண்டு வருஷத்தில் இதை முத்துவடிவிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை. அவளுக்கு மட்டும் தூக்கம் இனிக்காதா? எந்த வக்கீல் அவளுக்கு யோசனை சொன்னார்? புகை என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தா பாரு தாயி. கரி வேலைக்கு இன்னைலேருந்து நீதான் ஆளு. கிளீனர் சம்பளத்தை ஓன் கையில தாரேன். ஆனா டிரைவர் வேலை வேற. நாளைக்கு நீ அவனை எழுப்பப்படாது. சொல்லவும் படாது. ஆறு மணிக்குள்ள அவனா வந்தா வண்டி அவனுக்கு. வரலேன்னா மாடக்கண்ணை இங்கன நிறுத்தி வைக்கேன், அவன் ஓட்டிட்டுப் போவான்."

பகலெல்லாம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் சாயங்காலம் அவன் எதிரில் போய் நின்றாள். அவனோ பக்கத்து வீட்டு மூக்கம்மாளுக்கு, "காலைல எந்திக்கிறது ஒரு தவம், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முத்துவடிவு வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தீ நீலமாய் நின்றது. வழக்கமாக அவள் வீட்டுக்கு ஓடுகிற நேரம். பஸ்ஸில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாடக்கண்ணு புதுக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். முத்துவடிவின் கால் இரண்டும் வீட்டுப் பக்கமே இழுத்தன. ஒரு குரல் கொடுத்தால் போதும், வேலை நிலைக்கும். ஐந்து ஐம்பதாயிற்று. விசிறிப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு உலைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். போனால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

ஐந்து ஐம்பத்தைந்துக்குத் தெருவில் தடதடவென்று சத்தம் கேட்டது. சட்டை இல்லாமல், குடுமி அவிழ்ந்து தொங்க, சங்கரபாண்டி ஓடி வந்தான். பஸ்ஸைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஏட்டி! ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன?"

"நீ வந்து கத்துத நேரத்துக்குச் சத்தத்தைக் காணும். முழிச்சிப் பாத்தா வீடு அமைதியா கெடக்கு. கரி வாயு அடிச்சி மயங்கி விழுந்துட்டியோன்னு உசிரே போயிட்டுட்டி!" அவனுக்கு மூச்சு வாங்கியது.

முதலாளி கடிகாரத்தை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்து அவன் முன்னால் நீட்டினார். மாடக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேலை தப்பிவிட்டது. முத்துவடிவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வரவும் செய்தது. அதற்கு மேலே பொங்கிக்கொண்டு வந்தது ஆத்திரந்தான்.

"அப்பம் ஒங்களுக்குத் தானா எந்திக்கத் தெரியும்?"

"தெரியாம என்ன?" என்றான் அவன், கள்ளங்கபடம் இல்லாமல். "நீதான் எழுப்புதியே. பெறகு நான் எதுக்கு எந்திக்க?"

பன்னிரண்டு வருஷம்! எத்தனை கத்தல், எத்தனை தந்திரம். அவள் எழுந்து நின்றாள். "நாளையிலேருந்து நான் எழுப்ப மாட்டேன்."

அவன் முகத்தில் நிஜமான கவலை வந்தது. "ஏட்டி, இன்னைக்குப் பயந்து எந்திச்சிட்டேன். ஒனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இப்பம் தெரிஞ்சி போச்சே. நாளைக்கு எதுக்குன்னு பயப்பட?"

"வேலை போயிரும்னு பயப்படுங்க. இல்லேன்னா பொண்டாட்டி பிள்ளையளைக் கூட்டிட்டுக் கடையத்துல அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருவான்னு பயப்படுங்க. எது பெருசுன்னு வண்டி ஓட்டிக்கிட்டே யோசிங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தான். ஆறு மணிக்குப் பஸ் கிளம்பியது. தென்காசி போய்ச் சேரும்வரை டிரைவர் யாருக்கும் ஒரு வார்த்தை உபதேசம் செய்யவில்லை என்று அன்றைக்கு அதில் போனவர்கள் சொன்னார்கள்.