அம்மா இணைத்த என் சான்றிதழ்

1.

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. அதை ஒளித்து வைத்து எழுதும் நல்ல பிள்ளை நான் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் நான், மயூரா. சிட்னி வீட்டின் ஹோலில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தச் சான்றிதழ் தொங்குகிறது.

முதல் தொடக்கம்: எங்கள் புறநகர் செவன் ஹில்ஸின் இளவெயிலில் அம்மா மெல்ல நடந்து…

(வெட்டு. அம்மா மெல்ல நடந்ததே இல்லை. ஆறு மணி ஷிஃப்ட்.)

2.

அம்மா விஜயா, சாப்பாட்டுப் பொதி அடைக்கும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்கிறார். பொதியின் ஓரத்தில் விரலை ஓட்டியே எது கசியும் என்று சொல்லிவிடுவார். அங்கே தர மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். நிபந்தனை: பட்டம். எந்தப் பட்டமென்றாலும் சரியாம். ஆக, பொதியைக் கண்ணாலும் காணாத என் வணிகப் பட்டம் போதும்; அம்மாவின் விரல் போதாது.

இந்த இடத்தில் ஒரு கட்டுரைப் பந்தி இருந்தது: பட்டம் என்பது விடாமுயற்சிக்கான சான்று என முதலாளிகள்…

நிறுத்திவிட்டேன். அந்தச் சான்று நான்தான். கடைசி வருடத்தில் பாதி விரிவுரைகளுக்குப் போகவில்லை.

(பாலம் கட்டுகிறவருக்கும் பட்டம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இது பொதியில் அடைக்கும் பருப்புக் கறி.)

3.

அம்மா தானே விண்ணப்பித்தார். நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. நேர்முகத்தன்று காலைதான் விண்ணப்பத்தை எனக்குக் காட்டினார். சான்றிதழ் கேட்ட இடத்தில், சுவரிலிருந்த என்னுடையதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். கண்ணாடியில் டியூப்லைட்டும் அவருடைய தலையும் தெரிந்தன.

"அம்மா, இதில என்ர பேர் கிடக்கு!"

"எனக்குத் தெரியாதே? நான்தானே அந்தப் பேரை வைச்சனான்."

"பகிடி விடாதேங்கோ. இது பொய்."

"என்னடி பொய்? பக்கத்து வீட்டுக் கிரிஜா ஆக்களுக்கு விசா எடுக்கேக்க, அவவின்ர மனுசன்ர பட்டம் முழுக் குடும்பத்துக்கும் காணுமாயிருந்ததே. எங்களுக்கு மட்டும் போதாதோ?"

(முட்டாள்தனமான கேள்வி என்று எழுதினேன். பிறகு அழித்தேன்.)

4.

நேர்முகம் எடுப்பவன் நரேன். முதல் பிரதியில் அவனை வில்லனாக்கினேன். பொருந்தவில்லை, நல்ல பெடியன். பட்டத்தோடு வந்து இறங்கிய அவனுக்கு மூன்று மாதம் வேலை பழக்கியவர் அம்மா. இன்றைக்கும் 'அன்ரி' என்றுதான் கூப்பிடுகிறான். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.

முடிவு அ: அம்மா வாய் திறக்கவில்லை, வேலை கிடைக்கிறது. (ஒருநாள் யாராவது பெயரை வாசிப்பார்கள். இருக்கிற வேலையும் போகும்.)

முடிவு ஆ: நான் தடுக்கிறேன். அம்மா விலகி, அடுத்து வரும் பட்டதாரிக்கும் வேலை பழக்குகிறார். (சீ.)

முடிவு இ: இதைத்தான் வைத்துக்கொள்கிறேன். அம்மா கதிரையில் இருக்க முதலே சொல்கிறார்: "தம்பி, அந்தப் பேப்பர் மகளின்ர. பிழையாப் போட்டிட்டன். வேலை என்ர. உனக்குப் பழக்கினது ஆரெண்டு உனக்குத் தெரியும்."

நரேனின் முன்னால் படிவம். தகுதி: உண்டு, இல்லை. அவன் பேனையைத் திறக்கிறான்.

"ம். இப்ப போடு," என்கிறார் அம்மா.

அவன் எதற்குச் சரி போட்டான்? நான் எழுதமாட்டேன். இனி ஆள் எடுக்கும் கதிரையில் இருக்கிறவர் வாசிக்கும் நீங்கள்; நீங்களே எழுதுங்கள். அதற்கு உங்களிடம் பட்டம் இருக்கிறதா என்று நான் கேட்கமாட்டேன்.