சோடியைப் பிரித்த மேசை

ஈஸ்வரபாண்டி கோயம்புத்தூரில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்த கையோடு, ஓடைப்பட்டியில் இருந்த அவனுடைய திராட்சை ஷெட்டில் ஸ்டீல் மேசைகள் வந்து இறங்கின. மேசைக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு பொம்பளை. அதுவரை தரையில் சாக்கை விரித்து, இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, அழுகல் பழத்தை நறுக்கிவிட்டுக் குலைகளைப் பெட்டியில் அடுக்குவார்கள். அந்தச் சோடி வேலை அன்றோடு ஒழிந்தது.

மேசை வந்ததில், அங்கே குலை நறுக்கும் சோணையம்மாளுக்குக் கோபமில்லை. முட்டி தேய்ந்துபோய், மேசை வேண்டும் என்று வருசக்கணக்காகக் கேட்டவளே அவள்தான். கேட்கும்போதெல்லாம் "பாப்போம்க்கா" என்பான். இப்போது பழம் வாங்குகிற கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை சொன்னதும் இறக்கிவிட்டான். அதுவும் நெஞ்சு உயரத்துக்கு. நிற்கப் போகிறவள் எவளிடமாவது உயரம் கேட்டானா? கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்றது.

அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். மொக்கம்மாளைத் தனியாக நிறுத்தியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மொக்கம்மாள் அவளுடைய சோடி. வலது கை விரல்கள் மடங்காது. போன சீசனில் ஈஸ்வரபாண்டியின் மினிலாரியில் ஆடுகளைப்போல ஆட்களை அடைத்துக்கொண்டு வந்தபோது, பின்கதவு கழன்று நசுங்கிய கை அது. அதன்பிறகு மொக்கம்மாள் இடது கையால் குலையைத் தூக்கித் திருப்பிக் காட்டுவாள், சோணையம்மாள் கத்தரியால் நறுக்கி அடுக்குவாள். இரண்டு பேர் பெட்டியும் நிறைந்துவிடும். ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும், எவளும் வாயைத் திறந்ததில்லை.

மத்தியானம் ஈஸ்வரபாண்டி மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். மொக்கம்மாளின் பெட்டி பாதிகூட நிறையவில்லை.

"இங்கன நிக்க வேணாம்த்தா. விளக்கமாத்த எடுத்துக் கூட்டு. நாளைக்கு வேல உண்டா இல்லையான்னு பாப்போம்."

மொக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டு விளக்கமாற்றை எடுத்தாள். இவனுடைய "பாப்போம்" என்னவென்று சோணையம்மாளுக்குத் தெரியாதா?

"ஏன் தம்பி, அந்தக் கை எங்கன போச்சுன்னு கோயம்புத்தூர்ல சொல்லிக் குடுக்கலையா?"

"யக்கா, அது வேற, இது வேற. எந்தப் பெட்டி யாரு கட்டுனதுன்னு கம்பெனிக்கு நம்பர் வேணும்."

"சோடிக்கு ஒரு நம்பர் போடு. கம்பெனிக்காரன் எங்கள ஒத்தையில நிறுத்தச் சொல்லிக் காலைப் புடிச்சானாக்கும்?"

"புதுசா ஒண்ணு வந்தாலே உங்களுக்கு ஆகாது. முன்னேறவே மாட்டீக."

சோணையம்மாளுக்கு உச்சந்தலை கொதித்தது. கத்தரியை மேசைமேல் எறிந்தாள். மூலையில் கிடந்த இன்னொரு விளக்கமாற்றை எடுத்துவந்து மொக்கம்மாள் பக்கத்தில் கூட்ட ஆரம்பித்தாள்.

"ஏய், பேசாம போய் வேலையப் பாருடி. உனக்கும் சேத்து வெட்டிவிட்டுருவான்" என்று மொக்கம்மாள் முணுமுணுத்தாள்.

"வாய மூடிட்டுக் கூட்டு."

அடுத்த மேசை மாரீஸ்வரி கத்தரியை வைத்தாள். விளக்கமாறு கிடைக்காமல் ஒரு சாக்கை எடுத்துத் தரையைத் துடைத்தாள். பிறகு அவளுக்கு எதிர்மேசைக்காரி. கொஞ்ச நேரத்தில் மேசைகள் எல்லாம் ஆளில்லாமல் நிற்க, பொம்பளைகள் சுத்தமான தரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். எவளும் சிரிக்கவில்லை.

வெளியே எர்ணாகுளத்து லாரி ஹாரன் அடித்தது. மலையாள டிரைவர் எட்டிப் பார்த்து, பண்டிகைக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறவர்களைக் கண்டதுபோல, "எந்தா சேச்சி, ஓணம் வந்தோ?" என்றான். அப்போதும் யாரும் நிமிரவில்லை.

"யக்கா, வண்டி நிக்குது!" என்று ஈஸ்வரபாண்டி பதறினான்.

"நிக்கட்டும். காலையிலயிருந்து நாங்களும்தான நிக்கிறோம்."

ஈஸ்வரபாண்டி லாரியைப் பார்த்தான். பெட்டிகளைப் பார்த்தான். வாய்க்குள்ளேயே எதையோ திட்டிக்கொண்டு, மொக்கம்மாளின் மேசையைத் தரையில் கிரீச்சிட இழுத்துச் சோணையம்மாளின் மேசையோடு முட்டவிட்டான். அதில் ஒட்டியிருந்த நம்பரை நகத்தால் பிய்த்தான்.

"சோடிக்கு ஒரு நம்பர். போதுமா?"

"மொக்கம்மாளுக்கு நாளைக்கு வேல?"

"உண்டு. எல்லா நாளும் உண்டு."

"மேசைக் காலு? நெஞ்சு உசரத்துக்கு நிக்குதே."

"நாளைக்கு வெல்டிங்காரன வரச்சொல்லி வெட்டித் தாரேன். இப்பக் கத்தரிய எடுங்க."

"இன்னைக்கே வரச் சொல்லு."

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "வந்துருவான்க்கா, எடுங்க" என்று கெஞ்சினான்.

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு, சோணையம்மாள் அவன் காலடியில் கூட்டினாள்.