கேலரியில் அக்கா கூந்தலை முடிந்தது

1

விசாரணையில் நான் சொன்ன ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது இந்தக் கதை. அந்தச் சொல்லால் என் அக்காவுக்கு ஆறு மாதத் தடை. ஆகவே, சொல்பவனை நம்பிவிடாமல் படியுங்கள். நானே அவனை முழுசாக நம்பவில்லை.

2

"அக்கா சிறுவயது முதலே நேர்மையான..." (அடித்துவிட்டேன். நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது.)

மறுபடி: அக்கா ஒரு பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர். நடுவரிடம், "கண்ணை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தீங்களா?" என்று கத்தியதற்குச் சிவப்பு அட்டை, ஓர் ஆட்டத் தடை. தடையில் இருப்பவர் கேலரியில் உட்காரலாம். ஆட்டம் முடியும்வரை அணியோடு எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது என்பது விதி.

'எந்த வகையிலும்.' எழுதியவர் கில்லாடி.

3

அந்த ஆட்டம் அரையிறுதி. அக்கா தன் போனை அணைத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்கடா. நாளைக்கு எவனும் வாயைத் திறக்கக் கூடாது."

அறுபதாவது நிமிடம் எழுந்து நின்றாள். கூந்தலை அவிழ்த்து, உதறி, உயர்த்திக் கட்டினாள். [அன்று காற்று அடித்தது. அவளைக் காப்பாற்ற இப்போது சேர்த்ததல்ல.] கீழே உதவிப் பயிற்சியாளர் கேலரியைப் பார்த்தார். உடனே ஓர் ஆட்டக்காரியை மாற்றினார். உள்ளே வந்தவள் கோல் போட்டாள். ஜெயித்தோம்.

தோற்ற அணி புகார் கொடுத்தது.

4

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலைவர் என்னைக் கேட்டார்:

"அது சைகையா, தம்பி?"

'இல்லை' என்று சொல்லத்தான் போயிருந்தேன்.

"தெரியலை சார்."

தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். கூடப்பிறந்தவனுக்கே சந்தேகம் என்றால், வேறு சாட்சி எதற்கு? வெற்றி ரத்து. அக்காவுக்கு ஆறு மாதம்.

5

வெளியே வந்ததும் அக்கா ஒன்றுதான் கேட்டாள்:

"தெரியலைன்னா, இல்லைன்னு சொல்லியிருக்கலாமேடா?"

குற்றமற்றவள் இப்படிக் கேட்பாளா? அல்லது குற்றமற்றவள் மட்டும்தான் இப்படிக் கேட்பாளா?

6

முடிவு அ: அது சைகைதான். அப்படியென்றால் நான் அக்காவைக் காட்டிக்கொடுத்தவன்.

முடிவு ஆ: வெறும் காற்று. அப்படியென்றால் நான்... (இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன்.)

அவளிடமே கேட்டுவிடலாம். என்னிடம் அவள் பொய் சொன்னதே இல்லை. அதனால்தான் கேட்கவில்லை.

பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் போடவில்லை. நீங்கள் போய்க் கேளுங்கள். நான் கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன்.